துப்பாக்கி இல்லாத கௌபாய் படமா? வைக்கிங் பழிவாங்கல் கதையும் இத்தாலிய வெஸ்டர்னும்

நள்ளிரவுக்காட்சி எழுதியது:

1984-இல் வந்த 'வென் த ரேவன் ஃப்ளைஸ்' என்கிற ஐஸ்லாந்துப் படத்தை இப்போதுதான் பார்த்தேன். இயக்கம் ஹ்ராஃப்ன் குன்லாக்சன். பார்க்காதவர்களுக்காகக் கதை: அயர்லாந்தில் ஒரு சிறுவனின் கண் முன்னால் வைக்கிங்குகள், அதாவது வடநாட்டுக் கடல் கொள்ளையர்கள், அவன் பெற்றோரைக் கொன்றுவிட்டு அவன் சகோதரியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சிறுவனை மட்டும் ஒருவன் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறான். அவன் வளர்ந்து ஆளாகி ஐஸ்லாந்துக்கு வந்து இறங்குகிறான். கொன்றவர்கள் தோர்துர், எய்ரிக்குர் என்கிற இரண்டு தலைவர்கள். நார்வே அரசன் ஹாரால்டுக்குப் பயந்து ஓடிவந்து ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வந்தவன் வாளைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சிண்டு முடிந்துவிடுகிறான், அவர்களே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு வெட்டிக்கொள்ளட்டும் என்று.

பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வைக்கிங் படம் பார்க்கிற நினைப்பே வரவில்லை. முழுக்க முழுக்க, இத்தாலிய வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் படங்களை எடுத்த செர்ஜியோ லியோனேவின் படம் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அதில் துப்பாக்கி இல்லை, வெயில் இல்லை, மதுக்கடை இல்லை, ரயில் இல்லை. மழையும் கருப்பு மணலும் குட்டையான குதிரைகளும்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் எப்படி அந்த உணர்வு வருகிறது? இது லியோனேவைப் பார்த்து அடித்த நகலா, இல்லை அந்த வடிவம் வைக்கிங் கதைக்கு இயல்பாகவே பொருந்துகிறதா? படம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால்தான் உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். இதே மாதிரி வேறு படங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

தொகுப்பறை எழுதியது:

நல்ல படத்தைப் பிடித்திருக்கிறீர்கள் நண்பரே. இந்தப் படத்துக்காகக் குன்லாக்சன் சுவீடனின் குல்ட்பாகே திரைப்பட விருதில் சிறந்த இயக்குநராகத் தேர்வானார். சுவீடன்காரர்கள் ஒரு தலைமுறையே இதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்து வளர்ந்தவர்கள். படத்தில் கத்தியைக் கையில் எடை பார்த்து, கனமாக இருக்கிறது என்று ஐஸ்லாந்து மொழியில் சொல்லுகிற அந்த ஒற்றை வரி அங்கே இன்றைக்கும் எல்லோர் வாயிலும் புழங்குகிறது.

நகலா என்ற கேள்விக்கு வருவோம். கதையின் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1961-இல் 'யோஜிம்போ' எடுத்தார்: ஒரு ஊர், இரண்டு கூட்டம், நடுவில் வந்து சேரும் அந்நியன். லியோனே 1964-இல் அதையே மெக்சிகோ எல்லைக்குக் கொண்டுபோய் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தார், அனுமதி வாங்காமல். வழக்கு வந்து, கடைசியில் வசூலில் 15 சதவீதத்தை ஜப்பான் தரப்புக்குக் கொடுத்துத்தான் தீர்ந்தது. அந்தக் கதை ஜப்பானிலிருந்து இத்தாலி வழியாக ஐஸ்லாந்துக்கு வந்து சேர்ந்தது என்றுதான் நான் பார்க்கிறேன். கைமாறிக் கைமாறி வருகிற கதையில் நகல் என்ற குற்றச்சாட்டுக்குப் பெரிய அர்த்தமில்லை, ஒவ்வொரு கையிலும் அது என்ன ஆனது என்று பார்ப்பதில்தான் சுவாரசியம்.

உங்களுக்கு அந்த உணர்வு வந்ததற்குக் காரணம் கதை மட்டும் இல்லை, நேரத்தைக் கையாளும் விதம். லியோனே படத்தில் சண்டை நொடியில் முடிந்துவிடும், சண்டைக்கு முன்னால் இருக்கும் காத்திருப்புதான் நீளும். 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காற்றாடி கிறீச்சிடுகிறது, ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, இன்னொருவன் முகத்தில் ஈ உட்கார்ந்து தொல்லை கொடுக்கிறது. அன்றைய இத்தாலியப் படங்களில் படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலியைப் பதிவு செய்து பயன்படுத்துகிற வழக்கம் கிடையாது, குரலிலிருந்து காலடிச் சத்தம் வரை எல்லாவற்றையும் பின்னால்தான் சேர்த்தார்கள். அதனால் எந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்பது ஒவ்வொன்றும் யோசித்து எடுத்த முடிவு. ஐஸ்லாந்துப் படத்தில் ஈயின் இடத்தைக் காற்றும் கடலும் பறவைகளும் எடுத்துக்கொள்கின்றன, ஆனால் காதைக் கூர்மையாக்கி நம்மைக் காக்க வைக்கும் முறை அதேதான்.

அப்புறம் முகங்கள். லியோனே ஆரம்பத்தில் பயன்படுத்தியது டெக்னிஸ்கோப். வழக்கமாக ஒரு பிரேமுக்கு ஃபிலிமில் நான்கு துளை நீளம் செலவாகும், இதில் இரண்டுதான். பாதி ஃபிலிம் மிச்சம் என்பதற்காக வந்த மலிவான முறை அது. ஆனால் சாதாரண லென்ஸிலேயே அகலத்திரை கிடைத்ததால் கேமராவை முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோக முடிந்தது. வியர்வை, தழும்பு, பல் இடுக்கு வரைக்கும் நிலப்பரப்பு மாதிரி காட்டினார்கள். தோர்துராக நடித்த ஹெல்கி ஸ்கூலசனின் முகத்தை அந்த வரிசையில்தான் வைப்பேன். பேசாமல் நின்றாலே போதும், இவன் என்ன செய்வானோ என்ற பயம் வந்துவிடுகிறது.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம் கத்தி. துப்பாக்கி இல்லாமல் லியோனே பாணியில் படம் எடுக்க நினைத்தால் முதலில் இடிக்கிற இடம் தூரம். தெருவின் இந்த முனையில் ஒருவன், அந்த முனையில் ஒருவன் நிற்பதுதான் வெஸ்டர்னின் உச்சக் காட்சி. வாளோடு அப்படி நிற்க முடியாது, ஓடிப்போய்த்தான் வெட்ட வேண்டும். அதற்குத்தான் எறிகத்தி. நான்கைந்து எட்டு தள்ளி நின்று கொல்லலாம், கை இடுப்புக்குப் போகிற அந்த ஒரு நொடியும் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் ரிவால்வரில் ஆறு குண்டு, கத்தி எறிந்தால் போச்சு. பிணத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். கொன்றவன் ஒவ்வொரு முறையும் தான் கொன்றதை அருகில் போய்ப் பார்த்தாக வேண்டியிருக்கிறது, அது வெஸ்டர்னில் இல்லாத ஒரு பாரம்.

சாகா வாசகன் எழுதியது:

தொகுப்பறை சொன்னது எல்லாம் சரி, ஆனால் 'வடிவம் பொருந்துகிறதா' என்ற பாதிக்கு நான் பதில் சொல்கிறேன். பொருந்துகிறது, அதுவும் ஆழமாக. லியோனேவுக்கு எழுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஐஸ்லாந்துக்காரர்கள் இந்த மாதிரிக் கதைகளை எழுதி வைத்துவிட்டார்கள்.

சாகாக்கள் எனப்படும் ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒருவன் மனதில் என்ன ஓடுகிறது என்று அதில் பெரும்பாலும் சொல்லவே மாட்டார்கள். என்ன செய்தான், என்ன பேசினான், முகம் எப்படி மாறியது, அவ்வளவுதான். நியால் சாகாவில் ஒரு இடம். ஹில்டிகுன் என்கிறவளின் கணவன் கொல்லப்பட்டுவிடுகிறான். அவன் சாகும்போது போர்த்தியிருந்த அங்கியை, காய்ந்த ரத்தத்தோடு அப்படியே மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். சித்தப்பா ஃப்லோசி வீட்டுக்கு வருகிறார். நியாயம் கேட்டுச் சட்டப்படி போகலாம் என்கிற எண்ணத்தில் இருப்பவர். அவள் பெட்டியைத் திறந்து அங்கியை எடுத்து அவர் தோளில் போர்த்துகிறாள், உறைந்த ரத்தம் அவர் மேலெல்லாம் பொலபொலவென்று உதிர்கிறது. அப்போது ஃப்லோசி என்ன நினைத்தார் என்று சாகா சொல்லவில்லை. அவர் முகம் ஒரு கணம் ரத்தமாகச் சிவந்து, ஒரு கணம் காய்ந்த புல்லாக வெளுத்து, ஒரு கணம் கறுத்துப் போனது என்று மட்டும் எழுதியிருக்கிறது. இதற்கு மேல் ஒரு குளோசப் என்ன வேண்டும்? லியோனே படங்களுக்கு இசையமைத்த மோரிக்கோனேயின் இசை மட்டும்தான் பாக்கி.

ஆகவே லியோனேவின் மௌனத்தைக் குன்லாக்சன் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினார் என்று நான் நினைக்கவில்லை. தன் ஊர்க் கதைகளில் ஏற்கெனவே இருந்த மௌனத்தை எப்படிப் படம் பிடிப்பது என்பதற்கு லியோனேவிடம் ஒரு வழி கிடைத்திருக்கிறது.

அடுத்தது சட்டம். வெஸ்டர்னுக்கு என்ன தேவை? மனிதர்கள் வந்துவிட்டார்கள், அரசாங்கம் இன்னும் வரவில்லை, அந்த இடைவெளி. ஐஸ்லாந்தில் 870-களில் குடியேற்றம் தொடங்குகிறது, அல்திங் என்ற பொதுச்சபை 930-இல்தான் வருகிறது. ஹாரால்டுக்குத் தப்பி வந்தவர்கள் என்கிற படத்தின் கதை நடப்பது அந்த ஆரம்ப காலத்தில். சபை வந்த பிறகும் நிலைமை விசித்திரம்தான்: சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, ராஜாவும் கிடையாது காவலரும் கிடையாது. வழக்கில் ஜெயித்தவன்தான் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து முழுமையாக ஒதுக்கப்பட்டவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், கேள்வி கிடையாது. இன்னொரு சாகாவில் வரும் கிரெட்டிர் என்கிறவன் ஏறத்தாழ 19 வருஷம் அப்படி மலையிலும் தீவிலும் ஒளிந்து வாழ்ந்தான், அவன் தலைக்கு வெள்ளியில் விலை வைத்திருந்தார்கள். பணத்துக்காக அவனைக் கொல்ல வந்தவர்கள் வேலைக்காரன் மாதிரி அவனோடு சேர்ந்து இருந்து சமயம் பார்த்திருக்கிறார்கள். இத்தாலிய வெஸ்டர்னின் பாதிப் படங்கள் தலைக்கு விலை வைத்து வேட்டையாடுகிறவர்களைப் பற்றியவைதானே.

அயர்லாந்து விஷயமும் சும்மா சேர்த்தது இல்லை. முதல் குடியேறியாகச் சொல்லப்படும் இங்கோல்ஃபூரோடு கூட வந்த ஹ்யோர்லெய்ஃபூர், தான் பிடித்துவந்த ஐரிஷ் அடிமைகளை ஏரில் பூட்டி உழச் சொன்னான் என்று குடியேற்ற நூலில் இருக்கிறது. அவர்கள் அவனைக் கொன்றுவிட்டுப் பக்கத்துத் தீவுகளுக்கு ஓடிப்போனார்கள், இங்கோல்ஃபூர் துரத்திப்போய் அவர்களைக் கொன்றான். வெஸ்ட்மன் தீவுகள் என்று இன்றும் அழைக்கப்படுபவை அவைதான். மரபணு ஆய்வுகளிலும், குடியேறிய பெண்களில் சரிபாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் வேர் உள்ளவர்கள் என்றுதான் வந்தது. ஒரு ஐஸ்லாந்து இயக்குநர் பழிவாங்க வருகிறவனை ஐரிஷ்காரனாக வைத்து, வைக்கிங்கைக் குற்றவாளியாக நிறுத்துகிறார் என்றால், அது தன் சொந்த முன்னோர்கள் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. எனக்கு அந்தத் துணிச்சல் மிகவும் முக்கியமாகப் படுகிறது.

எதிர்க்கரை எழுதியது:

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன்.

ஒன்று, இந்தக் கலப்பை முதலில் செய்தது ஐஸ்லாந்து இல்லை. இத்தாலியிலேயே மாரியோ பாவா 1966-இல் 'நைவ்ஸ் ஆஃப் த அவெஞ்சர்' எடுத்துவிட்டார், ஜான் ஹோல்டு என்ற பெயரில். கேமரூன் மிட்செல் நாயகன். எறிகத்தி வைத்திருக்கும் அந்நியன், தனியாக இருக்கும் ஒரு பெண், அவள் மகன், துரத்தி வரும் வில்லன். குதிரையும் தொப்பியும் கொடுத்துவிட்டால் அப்படியே வெஸ்டர்ன். வேறொருவர் தொடங்கிக் குழப்பிவைத்த படத்தை மிகக் குறைந்த நாட்களில், குறைந்த காசில் பாவா மீட்டெடுத்தார். தொகுப்பறை சொன்ன எறிகத்தி உத்தி அதிலேயே வந்துவிட்டது. அதைப் பேசாமல் 1984-லிருந்து ஆரம்பிப்பது நியாயம் இல்லை.

இரண்டு, சாகாவும் வெஸ்டர்னும் ஒன்று என்கிற வாதம் ஒரு பெரிய வித்தியாசத்தை மறைக்கிறது. லியோனேயின் அந்நியன் யாருக்கும் சொந்தமில்லாதவன். பெயர்கூடத் தெரியாது, படம் முடிந்ததும் கிளம்பிவிடுவான். சாகாவில் அப்படி ஒருத்தன் இருக்கவே முடியாது. தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் போன பிறகுதான் முதல் அடியே விழும். சாகாவில் பழி என்பது குடும்பத்தின் கடன், கட்டினால் எதிர்க்குடும்பத்துக்கு ஒரு கடன் பிறக்கும். வெஸ்டர்னில் கடைசி எதிரி விழுந்ததும் கணக்கு முடிந்தது. இந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன, படத்திலும் அந்த உரசல் எனக்குத் தெரிந்தது. முதல் பாதி வெஸ்டர்னாக ஓடுகிறது, சகோதரி வந்ததும் வேறு படமாகிவிடுகிறது.

மூன்று, ஒளி. இத்தாலியர்கள் ஸ்பெயினில் அல்மேரியா பக்கம் போய் எடுத்ததற்குக் காரணம் உச்சி வெயில். கூர்மையான நிழல், சுருங்கிய கண். ஐஸ்லாந்தின் மேகமூட்டத்தில் அந்த இறுக்கம் கரைந்துபோகிறது என்பது என் அபிப்பிராயம்.

தொகுப்பறை எழுதியது:

எதிர்க்கரை, பாவா விஷயத்தில் சொன்னது நியாயம், அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது ஸ்டுடியோ வைக்கிங். தலைமுடி கலையாமல் இருக்கும். குன்லாக்சன் படத்தில் ஆட்கள் நனைந்த கம்பளி நாற்றத்தோடு புகைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், தலையில் கொம்பும் கிடையாது. அந்தக் கொம்புத் தொப்பியே 1876-இல் வாக்னரின் ஓபராவுக்காக உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் வழியாகப் பரவியதுதான், வைக்கிங்குகள் போரில் அப்படி எதையும் போட்டதற்குச் சான்று இல்லை. அழுக்கு விஷயத்தில் ஹாலிவுட் வெஸ்டர்னுக்கு இத்தாலியர்கள் செய்ததை, வைக்கிங் படத்துக்குக் குன்லாக்சன் செய்தார்.

ஒளி பற்றி ஒத்துக்கொள்ள மாட்டேன். செர்ஜியோ கோர்புச்சியை மறந்துவிட்டீர்கள். 'ஜாங்கோ' முழுக்கச் சேறு, நாயகன் சவப்பெட்டியை அந்தச் சேற்றில் இழுத்துக்கொண்டே வருகிறான். 1968-இல் வந்த 'த கிரேட் சைலன்ஸ்' முழுக்கப் பனி, டோலமைட் மலையில் எடுத்தது. வெயில் இல்லாமல் இத்தாலிய வெஸ்டர்ன் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் படமே பதில். பனியில் குதிரைக்குக் கால் புதைகிறது, ஒருவன் வருவது தூரத்திலிருந்தே தெரிகிறது, ஒளிய இடமில்லை. ஐஸ்லாந்தின் கருப்பு மணலிலும் அதே பிரச்சினைதான், மரம் கிடையாது, ஆள் வந்தால் வெகு முன்னதாகவே தெரிந்துவிடும். வெஸ்டர்னுக்கு அந்தத் திறந்த வெளி போதும்.

குதிரையையும் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்துக் குதிரை உருவத்தில் சிறியது, பெரிய ஆள் ஏறினால் கால் தரையைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும். ஆனால் அதற்கு டோல்ட் என்று ஒரு நடை உண்டு: கால்கள் கீழே படபடவென்று ஓடும், மேலே உட்கார்ந்திருப்பவன் குலுங்கவே மாட்டான். பாய்ச்சலில் துள்ளிக்கொண்டு வரும் கௌபாய்க்கும், கூட்டமாக ஆடாமல் அசையாமல் மிதந்து நெருங்கும் இந்த ஆட்களுக்கும் திரையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பயம் தந்தது.

சாகா வாசகன் எழுதியது:

எதிர்க்கரையின் இரண்டாவது வாதம்தான் இந்த இழையிலேயே முக்கியமானது. உரசல் இருக்கிறது, நானும் பார்த்தேன். ஆனால் அதைக் குறையாகச் சொல்கிறீர்கள், எனக்கு அதுதான் படத்தின் உயிர்.

யோசித்துப் பாருங்கள். வந்தவன் தன்னை வெஸ்டர்ன் நாயகனாக நினைத்துக்கொண்டு வருகிறான்: ஆள் யாருமில்லை, வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாம். சகோதரியைக் கண்டுபிடித்தால் அவள் தோர்துரின் வீட்டில் இருக்கிறாள், அவன் மகனுக்குத் தாய். இப்போது கொல்ல வேண்டியவன் தன் மருமகனின் தகப்பன். லியோனேயும் இதைத் தொட்டிருக்கிறார், 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' படத்தில் கர்னல் மார்ட்டிமர் சுமந்து திரிவது சகோதரியின் சாவைத்தான். ஆனால் அந்தச் சகோதரி இறந்துவிட்டவள், சட்டைப்பைக் கடிகாரத்துக்குள் படமாக இருப்பவள், எனக்காகப் பழிவாங்கு என்றும் சொல்ல மாட்டாள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். இங்கே அவள் உயிரோடு எதிரில் நிற்கிறாள், அவளுக்கென்று ஒரு குழந்தை இருக்கிறது. வெஸ்டர்ன் அந்த இடத்தில் உடைந்தே ஆக வேண்டும். முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பார்க்கும்போது பெரியவர்களை விட்டுவிட்டு அந்தச் சிறுவனின் மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

நள்ளிரவுக்காட்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிறுவன் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டுக் கடைசிப் பகுதியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், படம் இன்னும் பெரிதாகிவிட்டது. எதிர்க்கரை சொன்ன இரண்டு பாதியும் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் நான் சாகா வாசகன் பக்கம்தான்.

இன்னும் ஒரு கேள்வி. 2022-இல் வந்த 'த நார்த்மேன்' இந்த வரிசையில் சேருமா? அடுத்து எதைப் பார்க்கலாம்?

எதிர்க்கரை எழுதியது:

என்னைக் கேட்டால் சேராது. ராபர்ட் எக்கர்ஸ் நல்ல படம்தான் எடுத்திருக்கிறார், ஐஸ்லாந்துக் கவிஞர் ஸ்யோனோடு சேர்ந்து எழுதியது, இடைக்கால டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்ஸோ எழுதிவைத்த ஆம்லெத் கதை. ஆனால் அதில் சடங்கும் கனவும் அதிகம், நாயகன் விதி இழுத்த வழியில் போகிறான். வெஸ்டர்ன் நாயகன் விதியை நம்பமாட்டான், கணக்குப் போடுவான். நிக்கோலஸ் வின்டிங் ரெஃப்னின் 'வல்ஹல்லா ரைசிங்' (2009) இன்னும் கொஞ்சம் கிட்ட வருகிறது, மேட்ஸ் மிக்கெல்சன் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் பாதிக்கு மேல் அது வேறு எங்கோ போய்விடுகிறது.

நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது 1987-இல் நில்ஸ் காவுப் எடுத்த 'பாத்ஃபைண்டர்', வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி மக்களின் மொழியில் வந்த படம். வைக்கிங் இல்லை, ஆனால் பனிவெளி, குடும்பத்தைக் கொன்ற கொள்ளைக்கூட்டம், தனியாக மாட்டிக்கொண்ட பையன். உங்கள் தோர்துர், ஹெல்கி ஸ்கூலசன், அந்தக் கூட்டத்தில் ஒருவராக வருகிறார். குன்லாக்சனே இதற்குப் பிறகு இரண்டு வைக்கிங் படங்கள் எடுத்தார், 1988-இலும் 1991-இலும், இரண்டும் தனிக் கதைகள், எனக்கு முதல் படம் அளவுக்கு ஒட்டவில்லை.

தொகுப்பறை எழுதியது:

'பாத்ஃபைண்டர்' தேடும்போது ஆண்டைப் பார்த்து எடுங்கள், அதே பெயரில் 2007-இல் ஒரு ஹாலிவுட் மறு ஆக்கமும் இருக்கிறது, அதில் வைக்கிங்குகளை அமெரிக்காவில் இறக்கிவிட்டுக் கதையையே மாற்றிவிட்டார்கள். அதற்கும் முன்னால் 'த கிரேட் சைலன்ஸ்' பார்த்துவிடுங்கள். அதற்குச் சில நாடுகளுக்காக மகிழ்ச்சியான மாற்று முடிவு ஒன்றும் எடுத்து வைத்தார்கள், வட்டுகளில் கூடுதல் இணைப்பாக வரும். தயவுசெய்து அதை முதலில் பார்த்துவிடாதீர்கள்.